பதினைந்தாம் வசனத்தில் நிறுத்தாதே

அன்பு மருமகளே,

பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் போனை எடுத்துப் பார்க்கவே நேரம் இல்லை. ஐந்தாம் தேதி இரவு வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்த பிறகுதான், நீ முந்தின நாள் அனுப்பியிருந்ததைப் படித்தேன். வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் நாலு வரியோடு போய்விடும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

ஆகஸ்ட் 4 திங்கள் காலை, நைட் டூட்டியை ஒப்படைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்துக்குப் போயிருக்கிறாய். வாசிக்க வேண்டியவர் வராததால் முதல் வாசகத்தை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எண்ணிக்கை நூல், 11-ஆம் அதிகாரம். இந்த மக்கள் கூட்டத்தை என்னால் தனியாகச் சுமக்க முடியவில்லை, இப்படியே விடுவதைவிட என்னைக் கொன்றுபோட்டுவிடும் என்று மோசே கடவுளிடம் சொல்கிறார். வாசகம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. “ஆண்டவரின் அருள்வாக்குன்னு சொல்லிட்டு வந்து உக்காந்தேன் அத்தை. அதுக்கப்புறம் பூசையில ஒண்ணும் காதுல விழல” என்று எழுதியிருந்தாய்.

வேறு எதையும் எழுதுவதற்கு முன்னால் ஒன்றை நேராகக் கேட்டுவிடுகிறேன். நானும் நர்ஸாக இருந்தவள், வார்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விதான், உன்னிடம் சுற்றி வளைக்க மாட்டேன். மோசேக்குத் தோன்றியது உனக்கும் தோன்றுகிறதா? எப்போதாவது வந்து போகிற சலிப்பா, தினமும் வருகிறதா? தினமும் வருகிறது என்றால் இந்தக் கடிதத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டு மனநல டாக்டரைப் போய்ப் பார். சொந்த ஆஸ்பத்திரியில் பார்க்கக் கூச்சமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடு. அரசாங்கத்தின் டெலி-மானஸ், தமிழில் பேசலாம், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். எனக்கும் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி. ஜெபமும் வேண்டும், டாக்டரும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போடாதே.

இனி வாசகத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை உனக்குக் கிடைத்த பகுதி 15-ஆம் வசனத்தில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை 12-ஆம் அதிகாரத்துக்குத் தாவிவிடுவார்கள். மிரியாமும் ஆரோனும் தம்பியோடு மல்லுக்கு நிற்கிற கதை. நடுவில் இருக்கிற 20 வசனங்கள் வாரநாள் திருப்பலியில் வருவதே இல்லை. அதில் ஒரு துண்டு மட்டும் மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமையில் தலைகாட்டும். 2024-இல் செப்டம்பர் கடைசி ஞாயிறு வந்தது. வாசக நூலைத் தொகுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, எங்கேயாவது வெட்டித்தானே ஆக வேண்டும். ஆனால் வெட்டு விழுந்த இடத்தில் நீ போய் மாட்டிக்கொண்டாய். பைபிளை எடுத்து 16-ஆம் வசனத்தை வாசி.

அங்கே மோசேக்குத் திட்டு விழவில்லை. ‘எகிப்திலிருந்து உன்னை எப்படியெல்லாம் நடத்திக்கொண்டு வந்தேன், இப்படிப் பேசலாமா’ என்று ஒரு வார்த்தை இல்லை. மூப்பர்களில் 70 பேரைக் கூட்டிக்கொண்டு வா, உன்மேல் இருக்கிற ஆவியில் எடுத்து அவர்களுக்கும் தருகிறேன், சுமையை அவர்களும் தூக்கட்டும், நீ ஒருவனாய்த் தூக்க வேண்டாம் என்கிறார். செத்துப்போகிறேன் என்று சொன்னவருக்கு ஆள் போட்டுக் கொடுத்திருக்கிறார், மகளே. 70 பேர்!

மோசே பேசிய பேச்சையும் திரும்பப் பார். இத்தனை பேரையும் நானா வயிற்றில் சுமந்தேன், நானா பெற்றேன், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு போகச் சொல்கிறீரே என்று கேட்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு நாலு கட்டிலிலிருந்தும் ஒரே நேரத்தில் பெல் அடிக்க, நடுவில் நின்றவளுக்கு இதற்கு விரிவுரை எதுவும் வேண்டாம். அந்த மக்களைத்தான் பாரேன். மன்னாவைத் தின்று தின்று நாக்குச் செத்துப்போய், எகிப்தில் சும்மா கிடைத்த மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். மறையுரையில் இவர்களை நன்றிகெட்டவர்கள் என்று சொல்லாத சாமியாரை நான் பார்த்ததில்லை. எனக்கென்னவோ அவ்வளவு கோபம் வருவதில்லை. தூத்துக்குடியில் பிறந்துவிட்டு, சென்னை ஹாஸ்டல் மெஸ்ஸில் வாரம் ஆறு நாள் அதே சாம்பாரைப் பார்த்து நீ புலம்புவது எனக்குத் தெரியாதா?

இதற்கு முன்பே, விடுதலைப் பயண நூலில், மோசேயின் மாமனார் இத்திரோ ஒரு நாள் முழுக்க மருமகன் வேலை பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, இப்படியே போனால் நீயும் ஓய்ந்துவிடுவாய், உன்னிடம் வருகிறவர்களும் ஓய்ந்துவிடுவார்கள், ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு ஒருவர், பத்துக்கு ஒருவர் என்று ஆள் வை என்று சொல்லியிருந்தார். மோசேயும் வைத்தார். அப்படியும் இந்த நிலைமை வந்தது. ஒரு தடவை சரி பண்ணினால் தீர்ந்துவிடுகிற விஷயம் இல்லை இது.

உன் இன்சார்ஜ் சிஸ்டர் “எல்லாத்தையும் ஒப்புக்கொடும்மா” என்று சொன்னதாக எழுதியிருந்தாய். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நானும் அந்தப் பக்தியில் வளர்ந்தவள்தான். என் முட்டுவலியை நான் தினமும் ஒப்புக்கொடுக்கிறேன். அது மாற வழியில்லாத வலி. டூட்டி லிஸ்ட்டில் ஆள் குறைவது அந்த மாதிரி இல்லை. ஆள் எடுத்தால் தீர்ந்துவிடும். எடுக்க வேண்டியவர்கள் எடுக்காததை ஆண்டவருடைய பாடுகளோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு அரசாங்க நர்ஸுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் கீழே உள்ள இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரை செய்தது. பரிந்துரை காகிதத்தில் கிடக்கிறது. அதைக் கேட்பதற்குச் சங்கங்கள் இருக்கின்றன; கேட்பது பாவமும் இல்லை. மோசே கேட்டார், கிடைத்தது. நீயும் உன் கூட இருக்கிற பிள்ளைகளும் சேர்ந்து, எந்தெந்த இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் இருந்தீர்கள் என்று தேதியோடு எழுதி மேட்ரனிடம் கொடுங்கள். வாயால் சொல்வதை மறந்துபோனேன் என்று சொல்லிவிடலாம், எழுதிக் கொடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

நீ வாசகம் வாசித்த அன்றைக்கு யாருடைய நினைவு நாள் என்று கவனித்தாயா? புனித ஜான் மரிய வியான்னி, பங்குச் சாமியார்களின் பாதுகாவலர். பிரான்சில் ஆர்ஸ் என்ற சின்னக் கிராமத்துக்கு 1818-இல் போனவர், 1859 ஆகஸ்ட் 4 அன்று இறக்கும்வரை அங்கேயே இருந்தார். எங்கெங்கோ இருந்து ஜனம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரும். கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம்கூட அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பாராம். இதெல்லாம் உனக்கு மறைக்கல்வியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர் அந்தப் பங்கை விட்டு ஓடப் பார்த்ததைச் சொல்லிக் கொடுத்தார்களா? ஒரு தடவை இல்லை, பல தடவை. 1843-இல் பெரிய காய்ச்சலில் பிழைத்து எழுந்த பிறகு, ஊராரிடம் சொல்லாமல் சொந்த ஊரான டார்டில்லிக்குப் போய்விட்டார். ஜனம் விடவில்லை, அங்கேயும் தேடிப் போய்விட்டது. 1853-இல் திரும்பவும் கிளம்பினார். அப்போது அவருக்கு 67 வயது.

அவர் நினைவு நாளில் மோசேயின் அந்தப் புலம்பல் வந்து விழுந்தது நாட்காட்டியின் தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஓடிப்போகத் தோன்றுகிறவர்களையும் சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது என்பது அன்றைக்கு அங்கே தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருந்த உனக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: அவருடைய சாப்பாட்டைப் பின்பற்றாதே. உருளைக்கிழங்கை மொத்தமாக அவித்து வைத்துக்கொண்டு, ஆறிப்போனதை நாள் கணக்கில் தின்றவர். உறக்கமும் கொஞ்சம்தான். புனிதராக இருந்தால் என்ன, என் வார்டில் படுத்திருந்தால் நன்றாகத் திட்டு வாங்கியிருப்பார்.

சாப்பாடு என்றதும் எலியா நினைவுக்கு வருகிறார். அவர் கதையிலும் இதே மாதிரி வெட்டு உண்டு. இரட்டைப்படை ஆண்டுகளில், பொதுக்காலம் 10-ஆம் வாரம் எலியாவுக்கு. வியாழக்கிழமை கார்மேலில் மழை கொட்டும், அரசன் ஆகாபின் தேருக்கு முன்னால் எலியா ஓடுவார். வெள்ளிக்கிழமை எடுத்த எடுப்பில் ஓரேபு மலைக் குகையில் இருப்பார். இடையில் சூரைச் செடியடியில் சுருண்டு கிடந்த எட்டு வசனங்கள் காணாது. அதில் ஒரு பகுதி ஞாயிற்றுக்கிழமைச் சுழற்சியில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 2024 ஆகஸ்ட் 11 அன்று வந்தது. 1 அரசர் 19-ஆம் அதிகாரம். என்னைக் கேட்டால் நர்ஸிங் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பே இதுவாக இருக்க வேண்டும்.

எலியாவைக் கேஸ் எடுப்பதுபோல் எடுத்துக்கொள். பெரிய வெற்றி. அதன் கையோடு நீண்ட ஓட்டம். அடுத்து அரசி ஈசபேலின் கொலை மிரட்டல். பயந்து பெயேர்செபாவரை வருகிறார், கூட இருந்த பணியாளை அங்கே விட்டுவிட்டுத் தனியாகப் பாலைநிலத்துக்குள் ஒரு நாள் நடக்கிறார். சாப்பாடு இல்லை, ஆள் துணை இல்லை, வெயில். போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறார். வானதூதர் வந்து என்ன செய்தார்? தொட்டு எழுப்பினார். எழுந்து சாப்பிடு என்றார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எழுந்து தேடிப் போகிற தூரத்தில் இல்லை. எலியா சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்துவிட்டார். அதற்காகவும் யாரும் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டுவிட்டு இரண்டாம் தடவை வந்து தொட்டு, இன்னும் சாப்பிடு, வழி உனக்கு ரொம்ப நீளம் என்றார். ஏன் இங்கே வந்தாய் என்ற கேள்வியை ஆண்டவர் கேட்டதெல்லாம் 40 நாள் கழித்து, மலையில்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடற்கரை ஊரிலிருந்து ஒரு பாட்டி, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகிக் கிடந்தார். பிள்ளைகள் எட்டிப் பார்க்கவில்லை. மாதாவே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று சொல்லிக்கொண்டே இருப்பார், தட்டைத் தொட மாட்டார். டாக்டர் வந்து விளக்கினார். கன்னியர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். மாலை டூட்டிக்கு வந்த ஆயாம்மா ஒன்றும் பேசவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து பாட்டியின் முகத்தையும், காதுக்குப் பின்னாலும், கழுத்தையும், விரல் இடுக்குகளையும் துடைத்தார். வாய் கொப்பளிக்க வைத்தார். நொய்க் கஞ்சியில் உப்புப் போட்டு, கிண்ணத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்து, சின்னக் கரண்டியால் உதட்டோரத்தில் வைத்தார். பாட்டி வாயைத் திறந்தார். கொஞ்சம் உள்ளே போனதும் தலையை அசைத்தார், ஆயாம்மா வற்புறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்துக் கட்டிலை இறக்கி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்துவிட்டுப் போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டு வேளைக்கு மீதிக் கஞ்சியைச் சூடு பண்ணிக்கொண்டு திரும்பி வந்தார். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டி, என் மூத்த மகனுக்குப் போன் போட்டுத் தா என்று முதல் தடவையாகக் கேட்டார்.

நீ செய்கிற வேலையில் பாதி இந்த வேலை. அதைப் பிறருக்குச் செய்யத் தெரிந்த உனக்கு, உனக்கென்று வரும்போது ஏன் தெரியாமல் போகிறது? ராத்திரி முழுக்க நின்றுவிட்டு, ‘நன்மை வாங்கணும்’ என்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பூசைக்குப் போய், கண் இருட்டிக்கொண்டு வந்தது என்று போன மாதம் சொன்னாயே. யார் உன்னை அப்படிப் போகச் சொன்னது? நற்கருணைக்கு முன் உபவாசம் ஒரு மணி நேரம்தான். தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. திருச்சபைச் சட்டம் 919-ஐ எடுத்துப் பார்: முதியவர்களும் நோயாளிகளும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எதையாவது சாப்பிட்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம்; அவர்களைப் பராமரிக்கிறவர்களும் வாங்கலாம். பராமரிக்கிறவர்கள் என்று நம்மையும் நினைத்து ஒருவர் அந்தச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார், 1983-லிருந்து இருக்கிறது. ஆக, இனி டூட்டி முடிந்ததும் முதலில் கேன்டீனுக்குப் போ. இரண்டு இட்லி சாப்பிடு. அதற்குப் பிறகு கோயில்.

அந்தத் திங்கட்கிழமை நற்செய்தியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நீ காதில் வாங்கவில்லையே. மத்தேயு 14: அப்பம் பலுகின கதை. எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் தொடக்கத்தை விட்டுவிடுகிறோம். திருமுழுக்கு யோவானை ஏரோது கொன்ற செய்தி அப்போதுதான் வந்திருக்கிறது. இயேசு படகேறித் தனிமையான இடத்துக்குப் போகிறார். அவருக்கே ஓய்வு தேவைப்பட்ட நாள். மாற்கு எழுதியிருப்பதைப் பார்த்தால், சீடர்களும் ஊர் ஊராகப் போய்விட்டு வந்து சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்தார்கள். கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று அவர்தான் அழைத்துக்கொண்டு போனார். கரை இறங்கினால் ஜனம் முன்னாலேயே வந்து நிற்கிறது. லீவு போச்சு.

பொழுது சாய்கிறது, இவர்களை அனுப்பிவிடும், ஊருக்குள் போய் ஏதாவது வாங்கிக்கொள்ளட்டும் என்று சீடர்கள் சொன்னது நியாயமான பேச்சு. நீங்களே சாப்பாடு கொடுங்கள் என்று பதில் வருகிறது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் காலங்காலமாக நம்மை வேலை வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் அன்றைக்குச் சீடர்கள் எவ்வளவு கொடுத்தார்கள்? கையில் இருந்த 5 அப்பம், 2 மீன். அவ்வளவுதான் அவர்களிடம் கேட்கப்பட்டது. 5,000 ஆண்களுக்கும், கணக்கில் சேராத பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைப் போதுமானதாக்குவது அவர்கள் பொறுப்பில் இல்லை. நீயோ எல்லாருடைய பொறுப்பையும் உன் தலையில் கட்டிக்கொண்டு வார்டைச் சுற்றி வருகிறாய். கட்டில் எண் 9-இல் இருந்தவர் இறந்துபோனதற்கு வாரக் கணக்கில் உன்னை நீயே விசாரித்துக்கொண்டிருந்தாய். உன் கையில் இருந்ததை நீ கொடுத்தாய், மகளே.

திங்கட்கிழமை நற்செய்தி 12 கூடை மிச்சத்தோடு முடிந்துவிட்டது. அடுத்த வசனம் மறுநாள் காலை வாசிக்கப்பட்டது. நீ அப்போது டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்திருப்பாய், அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அந்த 22-ஆம் வசனம் எனக்கு உயிர். மக்கள் சாப்பிட்டு முடித்தவுடன் இயேசு சீடர்களை வற்புறுத்திப் படகில் ஏற்றி முன்னால் அனுப்பிவிடுகிறார். கூட்டத்தை அனுப்பிவைக்கிற வேலையைத் தாமே எடுத்துக்கொள்கிறார். கூட்டத்தைக் கலைப்பது எப்படிப்பட்ட வேலை என்று பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும். இன்னும் ஒரு நிமிஷம் என்பார்கள், இன்னொரு சந்தேகம் என்பார்கள், கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். களைத்தவர்களின் தலையில் அதையும் கட்டாமல், நீங்கள் கிளம்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்புறம்தான் அவர் மலைக்குப் போனார், காலையில் தேடி வந்த தனிமைக்கு. நீ இன்சார்ஜ் ஆகிற காலத்தில் இதை நினைவில் வை.

படகில் போனவர்களுக்கு நிம்மதியாக உறக்கம் கிடைத்தது என்று சொன்னால் பொய். எதிர்க்காற்று. விடியற்காலம் நாலாம் சாமம்வரை அலையோடு போராடினார்கள். அந்தக் காலக் கணக்கில் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை. உடம்புச் சூடு குறைந்து, கண் சொருகி, மருந்து அளவை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டிய நேரம். அந்த நேரத்தில்தான் அவர் தண்ணீர்மேல் நடந்து வந்தார். வந்தவரைப் பார்த்துப் பேய் என்று அலறினார்கள். களைத்த கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாது. ஆகவே அந்த நேரத்தில் வேலையை விட்டுவிடலாமா, மடத்தில் சேரலாமா, கல்யாணத்துக்குச் சம்மதிக்கலாமா என்று ஒன்றையும் முடிவு செய்யாதே. தூங்கி எழுந்து யோசி.

பணத்தைப் பற்றியும் எழுதியிருந்தாய். கல்விக் கடன், தம்பியின் ஃபீஸ், அதற்காக எக்ஸ்ட்ரா டூட்டி. சாரிபாத்துக் கைம்பெண்ணின் கதை உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். பானையில் கடைசிப் பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அந்தக் கதையைக் காட்டிக் காணிக்கை கேட்கிற பிரசங்கிமார்களை விட்டுத்தள்ளு. நான் கவனித்தது இதுதான்: பானை நிரம்பியது என்று எங்கேயும் எழுதியில்லை, தீரவில்லை என்றுதான் இருக்கிறது. தினமும் எட்டிப் பார்த்தால் அடியில் கொஞ்சம் இருந்திருக்கும். பஞ்சம் தீரும்வரை அந்தக் கொஞ்சத்தோடுதான் ஓட்டினார்கள். நம் வீடும் அப்படி ஓடிய வீடுதான், உன் அப்பாவைக் கேட்டுப் பார். மன்னாவும் ஒரு நாளைக்கு ஒரு நாளளவு. மறுநாளைக்குப் பதுக்கினால் புழு வைத்தது. ஆனால் ஆறாம் நாள் மட்டும் இரட்டிப்பாகக் கிடைத்தது, வைத்திருந்தும் கெடவில்லை. ஏழாம் நாள் வெளியே போக வேண்டாம் என்பதற்காக. ஓய்வு நாளின் சாப்பாடும் சேர்த்தே முன்னாலேயே அளந்து தரப்பட்டிருக்கிறது. அப்படியும் சிலர் ஏழாம் நாள் கூடையோடு போய்ப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. உன் வார ஆஃபை நீ விற்கிறாய் என்று கேள்விப்பட்டேன். தம்பியின் ஃபீஸில் இந்தத் தவணையை நான் கட்டுகிறேன். பென்ஷன் வருகிறது, எனக்கு என்ன செலவு? வேண்டாம் என்று எழுதாதே.

வேண்டாம் என்பாய், தெரியும். அதனால்தான் இதையும் எழுதுகிறேன். பெரிய வியாழனன்று பேதுரு காலை இழுத்துக்கொண்டாரே, அதே குணம் நம் குடும்பத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. மற்றவர் காலைக் கழுவச் சொன்னால் நமக்கு ஒன்றும் இல்லை. நம் காலை ஒருவர் தொட்டால் குறுகிப்போகிறோம். போன வாரம் 29-ஆம் தேதி மார்த்தாவின் திருநாள். 2021-லிருந்து மரியாவையும் இலாசரையும் சேர்த்து மூவருக்கும் ஒரே நாளாகக் கொண்டாடுகிறார்கள். நல்ல மாற்றம், அந்த வீட்டில் எல்லோரும் இருந்தார்கள் அல்லவா. மார்த்தா சமைத்ததை இயேசு குறை சொல்லவில்லை. என்னைத் தனியே வேலை செய்ய விட்டுவிட்டாளே என்றுதான் அவள் வெந்துபோனாள். யோவான் நற்செய்தியில், பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்னால் பெத்தானியா விருந்திலும் பந்தி பரிமாறியது மார்த்தாதான். வேலையை விடவில்லை, அன்றைக்கு முணுமுணுக்கவும் இல்லை. என்ன மாறியது என்று யோவான் சொல்லவில்லை, நானும் கதை கட்டவில்லை. நீ அறைத்தோழி வாங்கி வந்த சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, ‘உனக்கு எதுக்குச் சிரமம்’ என்று சொல்கிற பழக்கத்தை மட்டும் விடு. வாங்கிச் சாப்பிடு. அவளுக்கும் யாருக்காவது செய்ய வேண்டும் என்று இருக்கும்.

எலியாவுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்பாய். நான் ஒருவன்தான் மிஞ்சினேன் என்று இரண்டு தடவை சொன்னார். பாகாலுக்கு மண்டியிடாத 7,000 பேர் இருக்கிறார்கள் என்றார் ஆண்டவர். வேலைக்குத் திருப்பி அனுப்பினார், ஆனால் எலிசாவைக் கூடச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். உன் வார்டில் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறாள், ஒன்றும் தெரியவில்லை, எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டாயே. அவளுக்குச் சொல்லிக் கொடு. நீ செய்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற டிரஸ்ஸிங்கை அவள் செய்ய இருபது நிமிடம் ஆகட்டும். அடுத்த மாதம் உனக்கு ஒரு கை கூடியிருக்கும்.

மாதா திருவிழாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று இனியும் மனதில் வைத்துக்கொண்டிருக்காதே. இந்த மாதக் கடைசியில் ஆஃபையும் இரண்டு நாள் லீவையும் சேர்த்துப் போடு. முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்ததும் கோச் நம்பரை அனுப்பு, உன் அப்பா ஸ்டேஷனுக்கு வருவான். வந்து முதல் நாள் யார் வீட்டுக்கும் போக வேண்டாம், யாரையும் பார்க்க வேண்டாம், தூங்கு. அன்பியக் கூட்டத்துக்கு உன்னை அழைத்து வரச் சொல்லி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், மகள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் அத்தை

பி.கு.: லீவு லெட்டரில் ‘வீட்டில் விசேஷம்’ என்று பொய் எழுதாதே. ‘தொடர்ந்து நைட் டூட்டி பார்த்ததால் ஓய்வு தேவைப்படுகிறது’ என்று எழுதி, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள். இல்லை என்று சொன்னால், அதையும் எழுத்தில் கேள்.